வார்ப்பிரும்பு பிரஸ்ஸில் டார்ட்டியா: கொடைக்கானல் சமையலறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மாடியில் வாடகைக்கு இருந்த குடும்பம் காலி செய்தபோது, தூக்கிக்கொண்டு போக முடியாது என்று விட்டுப்போன சாமான்களில் ஒன்று, இரண்டு வட்டத் தட்டும் ஒரு கைப்பிடியுமாகக் கறுப்பாக, கனமாக இருந்தது. என்னவென்று தெரியாமல் அத்தை அதை ஆறு மாதம் ஊறுகாய் ஜாடி மூடிமேல் பாரமாக வைத்திருந்தார். மெக்சிகோக்காரர்கள் டார்ட்டியா என்கிற மக்காச்சோள ரொட்டியை அழுத்தும் கருவி அது என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது வாரத்துக்கு ஒருமுறையாவது அதற்கு வேலை இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களும் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பார்க்கிறவர்களும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். கொடைக்கானல் நாயுடுபுரத்துக் குளிருக்கும் ஈரத்துக்கும் ஒத்துவந்த பதில்கள் இவை, கீழே வத்தலக்குண்டிலோ தேனியிலோ இருப்பவர்கள் வேகும் நேரத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

டார்ட்டில்லாவா, டார்ட்டியாவா?

ஸ்பானிய மொழியில் இரண்டு எல் சேர்ந்து வந்தால் மெக்சிகோவில் 'ய' மாதிரிதான் ஒலிக்கும், அதனால் டார்ட்டியா. கடைக்காரரிடம் டார்ட்டில்லா என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார் என்றால் அப்படியே கேளுங்கள். எங்கள் வீட்டில் அத்தை வைத்த பெயர் 'சோள அப்பளம்', அதுதான் நிலைத்துவிட்டது.

வீட்டில் பூரி பிரஸ் இருக்கிறது, அது போதாதா?

சின்னதாகச் சுட்டுப் பார்க்கப் போதும். பூரி பிரஸ் பெரும்பாலும் மெல்லிய தகட்டிலோ அலுமினியத்திலோ இருக்கும், தட்டும் சிறியது, நாம் கையால் கொடுக்கும் பலத்தில்தான் முழுக்க ஓடுகிறது. வார்ப்பிரும்பு பிரஸ்ஸில் பாதி வேலையை மேல்தட்டின் எடையே செய்துவிடும். என்னிடம் இருப்பது 8 அங்குலத் தட்டு, சமையலறைத் தராசில் வைத்தால் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டுகிறது. 30 கிராம் உருண்டையை வைத்துக் கைப்பிடியைத் தாழ்த்தினால் ஐந்தே முக்கால் அங்குல அகலத்துக்கு, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் படர்ந்துவிடும். பூரி பிரஸ்ஸில் அதே கனம் வருவதற்குள் இருபதாவது ரொட்டியில் தோள்பட்டை சொல்லிக்காட்டும்.

வாங்குவதாக இருந்தால் 8 அங்குலம் வாங்குங்கள். ஆறரை அங்குலத்திலும் வேலை நடக்கும், ஆனால் உருண்டை நடுவிலிருந்து கொஞ்சம் நகர்ந்தாலும் மாவு வெளியே பிதுங்கும். மரத்தில் செய்ததும் உண்டு, நன்றாகவே இருக்கும் என்கிறார்கள். எங்கள் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் முறுக்கிக்கொள்ளாமல் இருக்குமா என்ற பயத்தில் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

புதுசு வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

தோசைக்கல்லைப் பழக்குவது மாதிரிதான், ஆனால் அவ்வளவு மெனக்கெட வேண்டாம். இந்த இரும்பு அடுப்பில் ஏறப்போவதில்லை, மாவும் இரும்பை நேரடியாகத் தொடப்போவதில்லை, நடுவில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். ஆக, இங்கே பழக்குவது துருப்பிடிக்காமல் இருக்க மட்டும்தான், ஒட்டாமல் இருக்க இல்லை.

வெந்நீரும் சோப்பும் போட்டு ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள், வார்ப்புப் பட்டறையிலிருந்து வந்த தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் போகட்டும். துடைத்து, அடுப்பின் சிறிய தணலில் வெதுவெதுப்பாகக் காட்டி ஈரத்தை முழுக்க விரட்டிவிட்டு, கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ ஒரு துணியில் தொட்டுத் துடையுங்கள். அப்புறம் வேறொரு காய்ந்த துணியால், எண்ணெயே பூசவில்லை என்று தோன்றும் வரை மறுபடி துடைக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எண்ணெய் கெட்டியாக நின்றால் பத்து நாளில் பிசுபிசுவென்று பசை மாதிரி ஆகும், அதில் அடுப்படித் தூசியெல்லாம் வந்து உட்காரும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், இங்கே மார்கழியில் பாட்டிலோடு உறைந்து கிடப்பதை வெயிலில் வைத்து உருக்கித்தான் தலைக்கே தேய்க்கிறோம், இரும்பின் மேலும் அது வெள்ளை மெழுகாகத்தான் நிற்கும்.

துருப் பிடித்துவிட்டது. தூக்கிப் போடுவதா?

வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரில் கல் உப்பும் இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டுத் தேய்த்தால் போய்விடும், பிறகு மேலே சொன்ன மாதிரி காயவைத்து எண்ணெய் காட்டுங்கள். கவனிக்க வேண்டிய இடம் தட்டு அல்ல, பின்னால் இரண்டு தட்டையும் சேர்க்கும் கீலும் அதன் ஆணியும்தான். மூடுபனி ஜன்னல் வழியாகவே உள்ளே வரும் ஊரில் கீலுக்குள் போன ஈரம் வெளியே வராது. மாதம் ஒரு சொட்டு எண்ணெய் அங்கே விடுங்கள். மூடிவைக்கும்போது இரண்டு தட்டுக்கும் நடுவில் ஒரு செய்தித்தாள் துண்டு, அவ்வளவுதான்.

கடையில் விற்கும் கார்ன்ஃப்ளவரில் செய்யலாமா?

கூடாது, வரவும் வராது. சூப்பைக் கெட்டியாக்கப் போடும் அந்த வெள்ளை மாவு வெறும் ஸ்டார்ச். மஞ்சளாக 'மக்காச்சோள மாவு' என்று கிடைப்பது வேறு, அது காய்ந்த சோளத்தை அப்படியே அரைத்தது. பஞ்சாபிகள் கீரைக் கடைசலோடு சாப்பிடும் தடித்த ரொட்டி அதில் செய்வதுதான். கொதிநீர் விட்டுப் பிசைந்து பிரஸ்ஸில் வைத்தால் அழுந்தும், ஆனால் ஓரமெல்லாம் நெல்லிக்காய் மாதிரி விண்டிருக்கும், கல்லிலிருந்து எடுத்து மடக்கினால் இரண்டாக உடையும்.

என்னிடம் வரும் புகார்களில் முக்கால்வாசி இங்கேதான் ஆரம்பிக்கிறது. பிரஸ் சரியில்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, மாவில் சுண்ணாம்பு உண்டா என்றுதான்.

சுண்ணாம்பா?

ஆமாம், வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பு. டார்ட்டியா மாவு என்பது காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறப்போட்டு, தோல் உரித்து அரைப்பது. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கான வருடங்களாக இப்படித்தான். வெந்த சோளத்துக்கு நிஷ்டமால் என்று பெயர், அரைத்த மாவு மாசா. மாசாவை உலர்த்திப் பொடியாக்கி விற்பதுதான் மாசா ஹரீனா. நம் பக்கம் பெரும்பாலும் இறக்குமதியாகித்தான் வருகிறது, விலையைப் பார்த்தால் வெற்றிலைக் கடைக்கே போகலாம் என்றிருக்கும்.

சுண்ணாம்பு என்ன செய்கிறது? சோளத்தின் மேல்தோலைப் பிடித்து வைத்திருக்கும் நாரைக் கரைத்துவிடுகிறது, தோல் கழன்றுபோகிறது. உள்ளே இருக்கும் மாவுச்சத்து ஓரளவு பசைத்தன்மைக்கு வருகிறது, கால்சியமும் சேர்ந்து மாவைப் பிடித்துக்கொள்கிறது. கோதுமையில் இருக்கும் இழுவைப் புரதம் மக்காச்சோளத்தில் இல்லை, அந்த வேலையை இங்கே இந்தப் பசைதான் செய்கிறது. நிறமும் மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்கிறதல்லவா, கிட்டத்தட்ட அதே வித்தை, வெளிர் மஞ்சள் சோளம் பானையில் போட்டுக் கிளறுகிறபோதே அடர் மஞ்சளாகத் திரும்பும். முதல்முறை பார்த்தபோது கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பானையோடு கொட்டப்போனேன்.

வயிற்றுக்கு ஒன்றும் ஆகாதே?

கழுவிவிடுகிறோம், அதனால் ஆகாது. சொல்லப்போனால் போடாமல் தின்பதில்தான் சிக்கல் வந்திருக்கிறது. மக்காச்சோளத்தில் நியாசின் என்கிற பி வைட்டமின் உண்டு, ஆனால் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது, சுண்ணாம்பில் வெந்தால்தான் அந்தக் கட்டு அவிழும். அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சோளம் போனது, சுண்ணாம்பு வித்தை கூடப் போகவில்லை. மூன்று வேளையும் மக்காச்சோளக் கூழையே நம்பியிருந்த வட இத்தாலிய ஏழைகளுக்குத் தோல் வெடித்து, பேதியாகி, புத்தி பேதலிக்கும் பெல்லாக்ரா நோய் வந்தது. பிறகு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களிலும் வந்தது. நியாசின் குறைவுதான் காரணம் என்பது 1937-இல்தான் உறுதியானது. நம் நாட்டில் தக்காணத்தில் வெள்ளைச் சோளம் மட்டுமே தின்றவர்களிடமும் இந்த நோய் இருந்ததை ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன், ஹைதராபாத்தில் இருந்து 1960-இல் அதைப் பற்றி எழுதினார். அந்தச் சோளம் வேறு, காரணமும் கொஞ்சம் வேறு, ஆனால் ஒரே தானியத்தையே நம்பிச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டும் சாட்சி. வாரம் ஒருநாள் ஆசைக்குச் சாப்பிடும் நமக்கு நோய்ப் பயம் எதுவும் இல்லை, கேட்டதால் சொன்னேன்.

எந்தச் சுண்ணாம்பு, எவ்வளவு?

வெற்றிலைக் கடையில் வெள்ளையாகக் குழைத்து வைத்திருப்பது. வாசனையோ நிறமோ சேர்த்தது வேண்டாம். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், அதில் நீலமும் பசையும் என்னென்னவோ சேர்ந்திருக்கும். நீற்றாத சுண்ணாம்புக் கல்லையும் வாங்காதீர்கள், தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். ஒரு கிலோ காய்ந்த சோளத்துக்கு உலர்ந்த சுண்ணாம்புத் தூள் என்றால் 10 கிராம். கடையில் கிடைக்கும் விழுதில் தண்ணீரும் இருப்பதால் நான் குவிக்காமல் ஒரு மேசைக்கரண்டி நிறைய எடுக்கிறேன். கூடிவிட்டால் ரொட்டியில் சவுக்கார வாசம் அடிக்கும்.

பாத்திரம் எவர்சில்வரில் இருக்கட்டும், அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும், தண்ணீர் சாம்பல் நிறமாகும். அடியில் கறுத்துப்போன ஒரு அலுமினியக் குண்டான் எங்கள் கொல்லையில் இன்னும் இருக்கிறது, இப்போது அதில் புதினா வளர்கிறது.

எந்தச் சோளம்?

ஏரிக்கரையில் மிளகாய்ப்பொடி, எலுமிச்சை தேய்த்துச் சுட்டுத் தரும் கதிர் இதற்கு ஆகாது, இளங்கதிரிலும் ஸ்வீட் கார்னிலும் மாவே இல்லை. முற்றிக் காய்ந்த, கோழித்தீவனத்துக்குப் போகிறதே, அந்த மக்காச்சோளம்தான் வேண்டும். மலையை விட்டு இறங்கினால் ஒட்டன்சத்திரம், பழனிப் பக்கம் வயலெல்லாம் அதுதான். தெரிந்த விவசாயியிடம் சுத்தமாகக் காயவைத்ததாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். ஒன்று, விதைச் சோளத்தைத் தொடாதீர்கள். மக்காச்சோளப் பயிரைத் தின்னும் படைப்புழு 2018-இல் வந்ததிலிருந்து விதைக்கு மருந்து பூசாமல் விதைப்பவர் குறைவு, சாயம் ஏற்றின மாதிரி சிவப்பாகவோ பச்சையாகவோ இருக்கும், எத்தனை கழுவினாலும் சாப்பாட்டுக்கு ஆகாது. இரண்டு, பூஞ்சணம். கறுத்ததும், பச்சை பூத்ததும், மக்கின வாசம் வருவதும் இருந்தால் அந்தப் பையே வேண்டாம், அதில் வரும் நஞ்சை வேகவைத்துப் போக்கிவிடலாம் என்று நினைக்க முடியாது. வாங்கி மேலே கொண்டுவந்தால் இங்கத்திய ஈரத்தில் இரண்டு மாதம் தாங்கினாலே பெரிசு, நான் டப்பாவில் வசம்புத் துண்டு போட்டு வைக்கிறேன், அது வண்டுக்கு மட்டும்தான்.

வெறுமனே ஒருமுறை பார்க்க ஆசை என்றால் மளிகைக் கடைப் பாப்கார்ன் சோளம் அரை கிலோ போதும். கெட்டி ஜாதி, வேக நேரம் பிடிக்கும், ஆனால் வரும்.

எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும்? புத்தகத்தில் சொன்ன நேரத்தில் வேகவே இல்லையே.

வேகாது. புத்தகம் எழுதினவர் சமவெளியில் இருந்திருப்பார். நாம் கடல் மட்டத்துக்கு 2,100 மீட்டர் மேலே இருக்கிறோம், இங்கே தண்ணீர் 93 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடுகிறது, அதற்கு மேல் எவ்வளவு விறகு தள்ளினாலும் சூடு ஏறாது. பருப்பு குக்கர் இல்லாமல் வேகாத கதைதான். கீழே அரை மணியிலிருந்து முக்கால் மணி என்றால் நான் ஒரு மணி, சில சோளத்துக்கு ஒன்றேகால் மணி வைக்கிறேன்.

ஒரு கிலோ சோளத்துக்கு மூன்று லிட்டர் தண்ணீர். சுண்ணாம்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றி, சோளத்தைப் போட்டுச் சிறு கொதியில் வையுங்கள். நேரத்தை விட விரலை நம்புங்கள். ஒரு மணியை எடுத்துப் பச்சைத் தண்ணீரில் காட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டினால் தோல் வழவழவென்று நழுவி வர வேண்டும். பல்லில் கடித்தால் ஓரம் வெந்து நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி வேகாமல் நிற்க வேண்டும். அந்தப் புள்ளி போய்விட்டால் மாவு குழைந்து பசையாகிவிடும், பிறகு எந்த பிரஸ்ஸாலும் காப்பாற்ற முடியாது. குக்கரில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வைத்துப் பார்த்தேன், தோல் நுரைத்துக்கொண்டு விசில் துவாரம்வரை வந்தது, அன்றோடு விட்டுவிட்டேன்.

இறக்கியதும் மூடி, அப்படியே இரவு முழுக்க. சமவெளியில் பானை காலை வரை வெதுவெதுப்பாக இருக்கும், இங்கே எட்டு மணிக்கு இறக்கினால் பத்து மணிக்கே குளிர்ந்துவிடுகிறது, ஊறலும் நின்றுபோகிறது. பழைய கம்பளியில் பானையைச் சுற்றி ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன். பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் இளஞ்சூடு இருக்கும், தோல் தானாக மிதக்கும்.

காலையில் இரண்டு மூன்று தண்ணீர் விட்டு அரிசி களைவதுபோல் தேய்த்துக் கழுவுங்கள். தோல் முழுக்கப் போக வேண்டியதில்லை, கொஞ்சம் இருந்தால் மாவு நன்றாகச் சேர்கிறது. கழுவின தண்ணீரைப் பூச்செடிக்கு ஊற்றாதீர்கள். சுண்ணாம்பு மண்ணை மாற்றிவிடும். பின்வாசலில் வருஷா வருஷம் நீலமாகப் பூத்த எங்கள் ஹைட்ராஞ்சியா இந்த வருடம் இளஞ்சிவப்பாகப் பூத்தது. அத்தைக்கு அது பிடித்துவிட்டது, எனக்குப் பழைய நீலம்தான் வேண்டும்.

கிரைண்டரில் அரைக்கலாமா, மிக்ஸியா?

இரண்டிலும் முடியும், இரண்டும் சண்டை போடும். இட்லி மாவு மாதிரி தண்ணீர் விட முடியாது என்பதுதான் பிரச்சினை, கெட்டியாக இருந்தால் கிரைண்டர் கல் நின்றுபோகிறது, தண்ணீர் விட்டால் மாவு தளர்ந்துபோகிறது. நான் கிரைண்டரில் இரண்டு கைப்பிடி சோளமாகப் போட்டு, ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனாகத் தண்ணீர் தெளித்து, கரண்டியால் ஓரத்தைத் தள்ளிக்கொண்டே இருப்பேன். மிக்ஸி என்றால் சின்ன ஜார், விட்டுவிட்டு அடியுங்கள், மோட்டார் சூடானால் நிறுத்துங்கள். விரலில் தொட்டால் மெல்லிய ரவை தட்டுப்படலாம், குருணை தட்டுப்படக் கூடாது.

தளர்ந்துவிட்டால் பயப்பட வேண்டாம், சுத்தமான பழைய வேட்டியில் பரப்பி அரை மணி வையுங்கள், துணி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு கிலோ சோளம் கிட்டத்தட்ட இரண்டு கிலோ மாவாகும், 30 கிராம் வீதம் அறுபது ரொட்டிக்கு மேல். முதல்முறை அரை கிலோவுக்கு மேல் போடாதீர்கள்.

மாவு பதம் எப்படித் தெரியும்?

உப்புப் போட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி அரை மணி விடுங்கள். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் சிறிதாக ஓர் உருண்டை உருட்டி உள்ளங்கையில் வைத்து அழுத்துங்கள். ஓரத்தில் கீறல் விழுந்தால் தண்ணீர் போதவில்லை, கையில் ஒட்டினால் கூடிவிட்டது. கொழுக்கட்டை மாவு தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். குளிர்காலக் காலையில் வெந்நீர் தொட்டுப் பிசையுங்கள், இல்லையென்றால் மாவு சரியாக இருந்தும் கையில் விறைத்துக்கொண்டு பொய் சொல்லும்.

சரி, எப்படி அழுத்துவது?

இதற்கு ஆகும் நேரம் ஐந்து நொடிதான். பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்து, ஓரங்களை வெட்டி, இரண்டு தாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கீழ்த்தட்டில் ஒன்று, மேலே உருண்டை, அதன் மேல் மற்றொன்று. கொஞ்சம் தடித்த கவராக இருப்பதால் சுருங்காது, மாவு அழகாகக் கழன்று வரும். வாழையிலையும் போடலாம், ஆனால் நரம்பு பதியும், இரண்டு அழுத்தலில் கிழியும். எண்ணெய் தடவ வேண்டாம், தட்டையில் வரும் பழக்கம் அது, இங்கே தடவினால் கல்லில் வேகாமல் பொரிகிறது.

உருண்டையைச் சரியாக நடுவில் வைக்காதீர்கள், அரை அங்குலம் கீல் பக்கம் தள்ளி வையுங்கள். மேல்தட்டு கதவு மாதிரி சாய்ந்து வருவதால் மாவை எப்போதும் கைப்பிடிப் பக்கம் தள்ளுகிறது. கைப்பிடியைத் தாழ்த்தி ஒரு நிதானமான அழுத்தல், குத்துவது இல்லை. திறந்து, கவரோடு ரொட்டியை அரை வட்டம் திருப்பி, இன்னொரு லேசான அழுத்தல். ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் கண்ணாடி என்கிற குறை இந்தத் திருப்பலிலேயே முக்கால்வாசி தீரும். அதற்கும் தீராவிட்டால் தட்டே சமமாக வார்க்கப்படவில்லை, கனமாக வரும் பக்கத்துக்கு ஒரு தபால் அட்டையை வெட்டிக் கவருக்கு அடியில் வையுங்கள்.

பிறகு மேல் கவரை உரித்து, ரொட்டியை உள்ளங்கையில் கவிழ்த்து, கீழ்க் கவரை உரியுங்கள். ரொட்டியைக் கவரிலிருந்து பிய்க்காதீர்கள், கவரைத்தான் ரொட்டியிலிருந்து பிரிக்க வேண்டும்.

சப்பாத்தி அழுத்தலாமா? அதற்காகத்தான் வாங்கினேன்.

ஐயோ. கோதுமை மாவில் இழுவை இருக்கிறது, அழுத்திவிட்டுத் திறந்த கையோடு ரப்பர் மாதிரி சுருங்கிப் பழைய அளவுக்கு வந்துவிடும். மெக்சிகோவின் வடக்கே சொனோரா பக்கம் கோதுமை டார்ட்டியா பிரபலம்தான், அவர்களும் அதைக் குழவியாலோ கையாலோதான் விரிக்கிறார்கள். சப்பாத்திக்குப் பலகையும் குழவியும் போதும்.

கேழ்வரகு, அரிசி, சாமை மாவு என்றால் விஷயமே வேறு. கொதிநீர் விட்டுப் பிசைந்த கேழ்வரகு மாவு இதில் அருமையாகப் படரும், கையால் தட்டும் அடையைவிட மெல்லிசாக வரும். தீபாவளித் தட்டைக்கு மணிக்கணக்கில் உட்கார்ந்து தட்ட வேண்டியதில்லை. ஆனால் இந்த இரும்பு எங்கள் வீட்டில் நிரந்தர இடம் பிடித்தது பிள்ளையார் சதுர்த்தி அன்று. கொழுக்கட்டைக்குச் சொப்பு பிடிக்கத் தெரியாத நான் அரிசி மாவை இதில் அழுத்தி, பூரணம் வைத்து மடித்து, ஐம்பது சோழிக் கொழுக்கட்டையை அரை மணியில் முடித்தேன். அன்றைக்குத்தான் அத்தை ஊறுகாய் ஜாடிக்கு வேறு கல் தேடினார்.

ரொட்டி உப்பவில்லை.

கல் காயவில்லை. இரும்பு தோசைக்கல்லைத் தண்ணீர் தெளித்தால் முத்துமுத்தாக உருண்டு ஓடும்வரை காயவிடுங்கள், மார்கழி, தையில் சிலிண்டரே குளிர்ந்து கேஸ் மந்தமாக வரும், பத்து நிமிடம் கூடப் பிடிக்கும். போட்டு 20 நொடியில் ஓரம் நிறம் மாறிக் கல்லை விட்டு எழும், திருப்புங்கள். இரண்டாவது பக்கம் ஒரு நிமிடம், பழுப்புப் புள்ளி விழட்டும். மறுபடி திருப்பி, மடித்த துணியால் நடுவில் லேசாகத் தொட்டால் தவளை மாதிரி வயிறு உப்பும். முதல் பக்கத்தை அதிக நேரம் விட்டால் அந்தத் தோல் காய்ந்து ஆவியைப் பிடிக்காது, அது இன்னொரு காரணம். உப்பாவிட்டாலும் சாப்பிடலாம், யாரும் பந்தியிலிருந்து எழுந்து போகப் போவதில்லை.

சுட்டதும் தின்னாதீர்கள். துணி விரித்த ஹாட் பாக்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். கல்லிலிருந்து எடுத்தபோது விறைப்பாக இருந்தது தன் ஆவியிலேயே இளகி, மடக்கினால் உடையாமல் வரும்.

தொட்டுக்கொள்ள?

இங்கேதான் நம் மலை கைகொடுக்கிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் காய்க்கும் பட்டர் ஃப்ரூட், கொடி கொடியாகத் தொங்கும் சௌசௌ, இரண்டுக்கும் பூர்வீகம் மெக்சிகோவும் அதை ஒட்டிய நாடுகளும்தான், சோளத்துக்கும் மிளகாய்க்கும் சொந்தக்காரர்கள். பட்டர் ஃப்ரூட்டைச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சையோடு மசியுங்கள். சௌசௌவை மிளகுத்தூள் போட்டு வதக்குங்கள். பட்டர் பீன்ஸை நான்கு பல் மலைப்பூண்டோடு வேகவைத்துப் பாதி மசித்தால் அதுவே போதும், மலைப்பூண்டு காரம் என்பதால் நான்குக்கு மேல் வேண்டாம். மரத்தக்காளி கிடைத்தால் சுட்டுத் தோல் உரித்து, காந்தாரி மிளகாயோடு அம்மியில் நசுக்குங்கள், தக்காளிச் சட்னியெல்லாம் பின்னால் நிற்கும். நேற்றைய கறிக்குழம்பை வற்ற வைத்து உள்ளே வைத்துச் சாப்பிடுவதும் எங்கள் வீட்டில் நடக்கிறது, மெக்சிகோக்காரர் யாரும் பார்க்கவில்லை.

மீந்துபோனால்?

அடுத்த நாள் விறைத்துவிடும். தண்ணீர் தெளித்துக் கல்லில் காட்டுங்கள், இல்லையென்றால் முக்கோணமாக வெட்டி எண்ணெயில் பொரியுங்கள். அரைத்த மாவு இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் தாங்கும், மூன்றாம் நாள் புளிப்பு வாசம் வரும்.

கைப்பிடி ஒடிந்துவிட்டது, ஒட்டவைக்க முடியுமா?

தேனியில் இருக்கும் அக்காவுக்கு ஆன்லைனில் ஒன்று வாங்கி அனுப்பினேன், படத்தில் இரும்பு என்றிருந்தது. மூன்றாவது ரொட்டியில், கைப்பிடி கோர்த்திருந்த காது பட்டென்று ஒடிந்தது, ஒடிந்த இடத்தைப் பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. விற்றவர்கள் அதிகமாக அழுத்திவிட்டீர்கள் என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். வத்தலக்குண்டு லேத் பட்டறையில் காட்டினதற்கு, வார்ப்பு நொறுங்குகிற ஜாதி, பற்றவைத்தாலும் பக்கத்தில் விரியும், வேண்டுமானால் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டுத் தருகிறேன் என்றார் பட்டறைக்காரர். 150 ரூபாயில் செய்தும் தந்தார், இன்றுவரை நிற்கிறது. வாங்கும்போது அந்தக் காதுகள் விரல் கனமாவது இருக்கின்றனவா என்று பாருங்கள், வந்ததும் தட்டிப் பாருங்கள், மணி மாதிரி ஒலிக்க வேண்டும். உடம்பு எடையை மேலே போட்டு அழுத்தாதீர்கள். அவ்வளவு பலம் தேவைப்பட்டால் மாவில்தான் தண்ணீர் போதவில்லை.

உங்களிடம் இரவல் கிடைக்குமா?

கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளையார் சதுர்த்தி வாரமும் தவிர. கழுவித் தர வேண்டாம், துடைத்துத் தந்தால் போதும்.